அண்ணாவியாரின் கை எப்படி அறிந்தது?

மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வவுணதீவு. வாவிக்குக் கிழக்கே கடலோரமாக நீண்டு கிடப்பது எழுவான்கரை. மேற்கே வயலும் குளமுமாக விரிவது படுவான்கரை. சூரியன் எழும் கரையும் படும் கரையும். வவுணதீவைச் சுற்றிக் கன்னன்குடா, ஈச்சந்தீவு, விளாவட்டவான் என்று கூத்துக்குப் பேர்போன ஊர்கள் உண்டு. வேளாண்மை வெட்டி முடிந்து கை ஓய்ந்த காலத்தில் இந்தப் பக்கம் இரவில் போனால், மத்தளச் சத்தம் வயல்வெளியைத் தாண்டி வந்து காதில் விழும்.

அப்படியொரு கிழமைக் கூத்துக்கு என் மருமகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வாரத்துக்கு ஒருநாள் எல்லாரும் கூடிப் பழகும் ஒத்திகைதான் கிழமைக் கூத்து. களரியின் நடுவில், கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் மத்தளத்தோடு நின்றார். பக்கத்தில் சல்லரிக்காரர், ஏடு பார்ப்பவர், பிற்பாட்டுக்காரர். வீரனாக ஆடிய பொடியன் களரிக்குள் நுழையும் வரவு ஆட்டம். சுற்றி வந்து நிற்க வேண்டிய இடத்தில் அவன் நிற்கவில்லை. வேகத்தில் இன்னும் அரைச் சுற்றுப் போய்விட்டான். அண்ணாவியார் வாசிப்பை நிறுத்தவும் இல்லை, அவனை முறைக்கவும் இல்லை. முடிக்கப் போன தாளத்தை அப்படியே நீட்டி, இடையில் புதிதாக ஏதோ சேர்த்து, பொடியனின் கால் தரையில் ஊன்றிய அதே கணத்தில் முத்தாய்ப்பு வைத்தார். பிற்பாட்டுக்காரர் தருப் பாட்டை எடுத்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றுமே நடந்ததாகத் தெரியவில்லை.

மருமகனுக்கு மட்டும் தெரிந்தது. அவன் கீபோர்ட் வாசிப்பவன், இரண்டு வருடமாக ஜாஸ் பைத்தியம். இடைவேளையில் தேத்தண்ணிக் கோப்பையோடு போய்க் கேட்டான்: "அண்ணாவியார், அந்த இடத்தில என்ன அடிக்கிறது எண்டு எப்ப யோசிச்சீங்க?"

"யோசிக்கிறதோ? யோசிச்சா கை பிந்திப் போயிரும் மனே."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் அதையே சொல்லிக்கொண்டு வந்தான். யோசிக்காமல் அடித்த ஒன்று எப்படிப் புதிதாகவும் இருக்கும், சரியாகவும் இருக்கும்? முன்பே பாடமாக்கியது என்றால் அந்த இரவின் தவறுக்கு அது பொருந்தியிருக்காது. அந்தக் கணத்தில் யோசித்தது என்றால் அதற்கு நேரம் ஏது? இந்தப் புதிரில்தான் அவனுடைய சொந்தச் சிக்கலும் இருந்தது. ஜாஸில் ஒரு பாட்டை எல்லாரும் சேர்ந்து வாசித்த பின் ஒவ்வொருவராகத் தனியே எடுத்து, அதே சுரக்கூட்டுகளின் மேல் அந்த இடத்திலேயே புதுமெட்டுக் கட்டுவார்கள். சோலோ என்பார்கள். நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் இருப்பதால் தனி என்றே சொல்லலாம். மருமகனின் தனியில் பிழையான சுரம் இல்லை. ஆனால் ஏறும், இறங்கும், எங்கேயோ தேய்ந்து நின்றுவிடும். பேச்சுப்போல இருக்காது.

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். வேகமான ஜாஸ் பாட்டில் நிமிடத்துக்கு 240 தட்டு சாதாரணம். ஒரு தட்டுக்கு இரண்டு சுரம் வாசித்தால் நொடிக்கு 8 சுரம். ஒரு சுரத்துக்குக் கிடைப்பது 125 மில்லிநொடி, அதாவது நொடியில் எட்டில் ஒரு பங்கு. மனிதர் ஒரு சத்தத்தைக் கேட்டவுடன் விரலை அசைக்கக் குறைந்தது ஏறத்தாழ 150 மில்லிநொடி பிடிக்கும். அதுவும் "கேட்டால் தட்டு" என்ற ஒரே வேலை இருக்கும்போது. இரண்டு மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் இன்னும் கூடும். ஆகவே ஒரு சுரத்தை வாசித்து, அதைக் காதால் கேட்டு, "சரி, அடுத்தது எது?" என்று முடிவெடுப்பதற்குள் அடுத்த சுரத்தின் நேரம் கடந்து போய்விடும்.

இந்தக் கணக்கின் கனத்தை 1951இல் எடுத்துக் காட்டியவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லி. ஓர் அசைவின் முடிவு அடுத்த அசைவைத் தூண்டுகிறது, அப்படிச் சங்கிலியாகவே எல்லாச் செயலும் நடக்கிறது என்று அக்காலத்தில் நம்பினார்கள். லாஷ்லி இசைக்கலைஞரின் விரல்களைக் காட்டினார். சில இடங்களில் நொடிக்கு 16 அசைவு வரை போகும் அந்த விரல்களுக்கு, ஒவ்வொரு அசைவின் செய்தியும் மூளைக்குப் போய்த் திரும்ப நேரமே இல்லை. அப்படியானால் அசைவுகள் தனித்தனியாக அல்ல, வரிசையாகவே மூளையில் முன்கூட்டி ஒழுங்காகிக் கிடக்க வேண்டும்.

அண்ணாவியார் சொன்னது இதைத்தான். யோசிப்பவனுக்குக் கை பிந்தும்.

அப்படி ஒழுங்காகிக் கிடப்பதற்கு உளவியலில் ஆளுக்கொரு பெயர் உண்டு. எனக்குக் கூத்துக்காரரின் சொல்லே போதும். அவர்கள் தாளக்கட்டு என்கிறார்கள். பல அடிகளைச் சேர்த்துக் கட்டிய ஒரே கட்டு. விறகைத் தனித்தனிக் கொள்ளியாகச் சுமந்தால் நாலு கொள்ளிக்கு மேல் கையில் நிற்காது. கட்டாகக் கட்டினால் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு மைல் நடக்கலாம். "ததிங்கிணதோம்" என்பது ஐந்து அடிதான், பழகிய கைக்கோ அது ஒரே செயல்.

இங்கே இரண்டு வகை நினைவைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சட்டைப்பைக்குள் இருக்கும் கைக்காசைப் போல ஒரு நினைவு உண்டு. உடனே எடுக்கலாம், ஆனால் கொஞ்சம்தான் இருக்கும். இதைக் கைநினைவு என்போம். வங்கியில் போட்ட காசைப் போல இன்னொன்று உண்டு, அது வைப்புநினைவு. கைநினைவில் ஒரே நேரத்தில் ஏழு சாமான் வரையில் நிற்கும் என்று 1956இல் ஜோர்ஜ் மில்லர் எழுதினார். பின்வந்தவர்கள் அதையும் குறைத்து நாலுதான் என்கிறார்கள். சாமான் எத்தனை என்பதில்தான் வரம்பு. ஒவ்வொரு சாமானும் எவ்வளவு பெரிது என்பதில் வரம்பு குறைவு. ஐந்து காசாகவும் இருக்கலாம், ஐந்து ஆயிரம் ரூபாய்த் தாளாகவும் இருக்கலாம்.

1973இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இருவர் இதைச் சதுரங்கப் பலகையில் காட்டினார்கள். நடந்துகொண்டிருக்கும் ஆட்டமொன்றின் பலகையை ஐந்து நொடி காட்டி மறைத்துவிட்டுக் காய்களைத் திரும்ப அடுக்கச் சொன்னால், தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலும் சரியாக அடுக்குவார், புதியவர் நாலைந்து காயோடு நிற்பார். அதே காய்களைக் கண்டபடி கலைத்து வைத்துக் காட்டினால் தேர்ந்தவரின் மேன்மை ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. அவருடைய நினைவுத்திறன் பெரிதல்ல. ஆட்டத்தில் வழக்கமாக வரும் காய்க்கூட்டங்கள் அவரிடம் கட்டுக்கட்டாக இருக்கின்றன.

ஜாஸிலும் இப்படித்தானா என்று எப்படித் தெரியும்? நல்ல வேளையாக ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. 1940களில் ஜாஸின் போக்கையே மாற்றிய சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர். அவருடைய தனிகளைத் தோமஸ் ஓவன்ஸ் என்ற ஆய்வாளர் ஒவ்வொரு சுரமாக எழுதி, 1974இல் முனைவர் பட்ட ஆய்வாகக் கொடுத்தார். ஏறத்தாழ நூறு சிறு சுரக்கட்டுகள் திரும்பத் திரும்ப வருவதை அவர் கண்டார். 2014இல் மார்ட்டின் நோர்கார்ட் பார்க்கரின் 48 தனிகளைக் கணினியில் ஏற்றித் தேடினார். ஒரு சுரத்தை எடுத்து, அங்கிருந்து தொடரும் ஐந்து சுர இடைவெளிகளைப் பார்த்து, அதே வரிசை வேறெங்காவது வருகிறதா என்று கணினி பார்க்கும். பத்தில் எட்டுச் சுரத்துக்கு மேல் அப்படித் திரும்ப வரும் வரிசையொன்றின் தொடக்கமாக இருந்தன.

இதைக் கேட்டபோது மருமகனின் முகம் வாடிவிட்டது. "அப்ப அவரும் பாடமாக்கினதத்தானா வாசிச்சார் மாமா?"

அப்படி எடுக்கக்கூடாது. நாம் பேசும்போது எத்தனை புதுச்சொல் செய்கிறோம்? சொற்கள் பழையவை, "வந்து பாத்தா", "அப்பிடி எண்டு இல்ல" என்ற தொடர்கள்கூடப் பழையவை. சொல்லும் சேதி புதிது. கட்டுகளை எந்த வரிசையில் எடுக்கிறோம், எங்கே வெட்டுகிறோம், எந்த இடத்தில் கொண்டுபோய் முடிக்கிறோம் என்பதில்தான் படைப்பு நடக்கிறது.

இந்த உண்மை இசைக்கு முன் கவிதையில் வெளிப்பட்டது. 1930களில் மில்மன் பரி என்ற அமெரிக்க அறிஞர் யூகோஸ்லாவியாவுக்குப் போய், எழுத்தறியாத பாடகர்கள் ஆயிரக்கணக்கான அடிகளை எப்படிப் பாடுகிறார்கள் என்று ஒலிப்பதிவு செய்தார். அவர்கள் மனப்பாடம் செய்யவில்லை. யாப்புக்குப் பொருந்தும் தொடர்களைக் கட்டுகளாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டினார்கள். அவருடைய மாணவர் அல்பர்ட் லோர்ட் 1960இல் அதை நூலாக்கினார். இந்தப் பார்வையைச் சங்கப் பாடல்களுக்குக் கொண்டுவந்தவர் நம் க. கைலாசபதி. 1968இல் ஒக்ஸ்ஃபோர்டில் வெளியான அவருடைய ஆங்கில நூல், வீரயுகப் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களை வாய்மொழிப் புலவரின் கருவிகளாகக் காட்டியது. எல்லாச் சங்கப் பாடல்களும் அப்படித்தான் பிறந்தனவா என்பதில் அறிஞருக்குள் வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் திரும்ப வரும் தொடர் புலவரின் வறுமையைக் காட்டவில்லை என்ற அவருடைய அடிப்படைக் கருத்து பெரியது. வயற்காவற் பரணில் இருந்து கவி பாடும் எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கட்டுகள் இருந்தால் மட்டும் போதாது. மருமகனிடமும் இருந்தன. பதிவுகளைக் கேட்டு இருபது முப்பது சுரக்கட்டுகளைப் பாடமாக்கியிருந்தான். ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவான், சந்தையில் கூறு போட்ட மீன்போல. குறை எங்கே என்றால், அவனுடைய கட்டுகளுக்குப் போய்ச் சேரும் இடம் இல்லை.

அண்ணாவியார் அன்று செய்ததை நான் பிறகு விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அவர் அடித்தது இதேதான் என்று சொல்லமாட்டேன், ஆனால் வகை இதுதான். ஒரு சுற்றுக்கு 16 மாத்திரை என்று வைப்போம். ததிங்கிணதோம் ஐந்து மாத்திரை. அதை மூன்று முறை அடித்தால் பதினைந்து. ஒரு மாத்திரை குறைகிறது. சுற்றின் முதல் மாத்திரையில் தொடங்கினால் ஒன்று முந்தி முடிந்து, கால் ஊன்றுவதற்கு முன் ஒரு பள்ளம் விழும். முதல் மாத்திரையை வெறுமனே விட்டு, இரண்டாவதில் தொடங்கினால் மூன்றாவது "தோம்" பதினாறாவதில் விழும். அதற்கடுத்த அடி, புதுச் சுற்றின் முதல் மாத்திரை, காலும் மத்தளமும் சல்லரியும் ஒன்றாக இறங்கும் இடம். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: தொடையில் ஒரு தட்டு, பிறகு ததிங்கிணதோம், ததிங்கிணதோம், ததிங்கிணதோம், தை.

கர்நாடக இசையில் இதைத் தீர்மானம் என்பார்கள். அழகான சொல். முடிவு எங்கே என்று முதலில் தீர்மானித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணித் தொடங்கும் இடத்தைப் பிடிக்கிறார்கள். வித்துவான் மேடையில் கணக்குப் போடுவதில்லை. 'மூன்று முறை ததிங்கிணதோம், முன்னால் ஒரு வெற்றிடம்' என்பது முழுதும் ஒரே கட்டாக அவரிடம் இருக்கிறது, அந்த வெற்றிடமும் சேர்த்து. வாவியில் வீச்சுவலை வீசுபவரும் மீன் இப்போது நிற்கும் இடத்துக்கு வீசுவதில்லை, வலை விழும்போது அது நிற்கப்போகும் இடத்துக்கு வீசுகிறார்.

ஜாஸில் காலுக்குப் பதிலாகச் சுரக்கூட்டு. கிற்றார்காரர் கோட் என்பது இதைத்தான். 12 பார் ப்ளூஸை எடுப்போம். ஒரு பாருக்கு நாலு தட்டு. முதல் நாலு பாரும் ஆதார சட்சத்தின் மேல் நிற்கும் கூட்டு. அதில் ஒலிக்கும் சுரங்களில் ஒன்று அந்தர காந்தாரம். ஐந்தாவது பாரில் கூட்டு மத்திமத்துக்கு மாறுகிறது. புதுக் கூட்டில் அந்தர காந்தாரம் இல்லை, அதற்கு ஒரு படி கீழே உள்ள சாதாரண காந்தாரம் இருக்கிறது. நாலாவது பாரின் கடைசியில் அந்தர காந்தாரத்தை வாசித்து, ஐந்தாவதன் முதல் தட்டில் சாதாரண காந்தாரத்துக்கு இறங்கிப் பாருங்கள். பக்கவாத்தியமே இல்லாவிட்டாலும் தரை நகர்ந்தது கேட்பவருக்குத் தெரியும். அத்தனை பெரிய மாற்றம், ஒரே ஒரு படி. நல்ல தனி வாசிப்பவர்கள் இத்தகைய இறங்குதுறைகளை முதலில் தெரிந்து வைத்திருக்கிறார்கள். நடுவில் எந்தக் கட்டைப் போட்டாலும் படகு துறைக்கு வந்து சேரும்.

பிலிப் ஜோன்சன்-லெயர்ட் என்ற உளவியலாளர், தானும் பியானோ வாசிப்பவர், இதில் ஒரு வேலைப்பிரிவினையைக் கண்டார். பாட்டின் சுரக்கூட்டு வரிசையை ஆற அமர எழுதலாம், திருத்தலாம், வேண்டிய நினைவைச் செலவழிக்கலாம். மேலே கட்டப்படும் மெட்டுக்கோ கைநினைவு அறவே போதாது. ஆகவே கடினமான பகுதி முன்பே சட்டகமாகச் செய்து முடிக்கப்பட்டு, வைப்புநினைவில் ஊறிக் கிடக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். கூத்திலும் கதை, தரு, வரவு, களரியின் வட்டம் என்று சட்டகம் உறுதியானது. உறுதியானதால்தான் அண்ணாவியாரின் கைநினைவு முழுதும் காலியாக இருந்தது. அந்தக் காலியிடத்தில் அவர் பொடியனின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூளைக்குள் என்ன நடக்கிறது? 2008இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் லிம், அலன் பிரவுன் இருவரும் ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை ஸ்கேன் இயந்திரத்துக்குள் மல்லாக்கப் படுக்கவைத்து வாசிக்கச் சொன்னார்கள். இயந்திரத்தின் காந்தம் இரும்பை இழுத்துவிடும் என்பதால், இரும்பில்லாத 35 கட்டைக் கீபோர்ட் ஒன்றைச் செய்து மடியில் வைத்தார்கள். விரல்களைப் பார்க்கக் கண்ணுக்கு மேலே கண்ணாடி. ஒரு முறை பாடமாக்கிய மெட்டை வாசிக்க வேண்டும், மறுமுறை அதே கூட்டுகளின் மேல் சொந்தமாக. மூளையின் எந்தப் பகுதிக்கு இரத்தம் கூடுகிறது, எங்கே குறைகிறது என்று இயந்திரம் காட்டும். சொந்தமாக வாசித்தபோது நெற்றிக்குப் பின்னால் பக்கவாட்டில் உள்ள பகுதியில் செயற்பாடு குறைந்தது. தன்னைத் தானே கண்காணித்துத் திருத்துவதில் பங்குள்ள பகுதி அது. நடுநெற்றிப் பக்கம் ஒரு பகுதியில் கூடியது. தன்னைப் பற்றிச் சொல்லும்போது, சொந்த அனுபவத்தை எடுக்கும்போது வேலைசெய்யும் இடமாக அது அறியப்பட்டது.

இந்தச் சேதி உலகமெங்கும் பரவியது. "மனத்தை விட்டுவிடு, தானாக வரும்" என்ற அறிவுரைக்கு அறிவியல் சான்று கிடைத்துவிட்டது என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆறு பேர், ஆறு பேரும் தேர்ந்தவர்கள். பாதை முடிந்த இடத்தில் நிற்பவர் எப்படி இருக்கிறார் என்று அது காட்டுகிறது, அங்கே போகும் வழியைக் காட்டவில்லை.

வழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்வது பிலடெல்பியாவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் டேவிட் ரோசன் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வு. நெற்றிக்குப் பின்னால் பக்கவாட்டில் இருக்கும் அந்தப் பகுதியின் வலப்பக்கத்தை, மண்டைக்கு வெளியிலிருந்து மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டிவிட்டு, பியானோ கலைஞர்களை வாசிக்கச் சொன்னார்கள். பிறகு தேர்ந்தவர்கள் அதைக் கேட்டுத் தரம் பார்த்தார்கள். கண்காணிப்புப் பகுதியைத் தூண்டியதால் அனுபவம் குறைந்தவர்களின் வாசிப்பு மேம்பட்டது. அனுபவசாலிகளின் வாசிப்பு கெட்டது. இதுவும் சிறிய ஆய்வுதான். ஆனாலும் பயிற்றுகிற எவருக்கும் அது தரும் சேதி பெறுமதியானது. வைப்பில் ஒன்றும் இல்லாதவனிடம் யோசிக்காதே என்று சொல்வது, நீந்தத் தெரியாதவனை வாவியின் நடுவில் இறக்கிக் கைகாலை விட்டுவிடு என்று சொல்வதற்குச் சமம். பழகுபவன் யோசிக்கத்தான் வேண்டும். யோசித்து யோசித்து அது யோசிக்கத் தேவையில்லாததாக மாற வேண்டும்.

இந்த மாற்றம் பார்க்கரின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. 1936 அளவில், கன்சாஸ் நகரில், பதினாறு வயதுப் பையன் பெரிய கலைஞர்கள் கூடி வாசிக்கும் இடத்தில் துணிந்து ஏறினான். கொஞ்சப் பாட்டுகளும் சில கட்டுகளும்தான் அவனிடம் இருந்தன. கூட்டுகள் மாறிய வேகத்தில் இடம் தவறினான். டிரம்ஸ் வாசித்த ஜோ ஜோன்ஸ் தன் தாளத்தட்டைக் கழற்றி அவன் காலடியில் வீசினார். கூட்டம் சிரித்தது. அடுத்த கோடையில் அவன் ஓசார்க் மலைப்பக்கம் ஒரு குழுவில் வேலைக்குப் போனான், லெஸ்டர் யங்கின் தனிகள் உள்ள இசைத்தட்டுகளோடு. அவற்றை ஒவ்வொரு சுரமாகக் காதால் கேட்டுப் பிடித்தான். மூன்று நாலு வருடம், நாளுக்கு 11 முதல் 15 மணிநேரம் வாசித்ததாகப் பின்னாளில் வானொலி நேர்காணலில் அவரே சொன்னார். திரும்பி வந்தவரை யாரும் தட்டெறிந்து இறக்கவில்லை.

எப்படிப் பழகினால் கட்டு நடமாடும்? இதற்குச் சோதனைகள் இருக்கின்றன. 1979இல் ஷியா, மோர்கன் என்ற இருவர், சிறு மரத்தடுப்புகளை ஒரு குறித்த வரிசையில் கையால் சாய்க்கும் மூன்று வேலைகளைச் சிலருக்குப் பழக்கினார்கள். ஒரு குழு முதல் வேலையை முழுதும் முடித்து இரண்டாவதுக்குப் போனது. மற்றக் குழுவுக்கு மூன்றும் கலந்து கலந்து வந்தன. பழகும்போது முதற்குழுதான் வேகமாகச் செய்தது. பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்கள் முந்திவிட்டார்கள். கலக்கும்போது ஒவ்வொரு முறையும் வைப்பிலிருந்து புதிதாக எடுக்க வேண்டியிருக்கிறது, அந்தச் சிரமந்தான் எடுக்கும் வழியை அகலமாக்குகிறது. ஒரே கட்டை ஒரே சுருதியில் நூறு தரம் வாசித்தால் அந்த மணித்தியாலம் மனம் குளிரும். ஐந்து கட்டுகளை, சுருதி மாற்றி, தொடங்கும் தட்டை மாற்றி, மாறி மாறி வாசித்தால் அன்று எரிச்சல் வரும், பத்து நாள் கழித்துக் கை கேட்கும்.

தூக்கமும் பயிற்சியில் சேர்த்தி. மத்தியூ வோக்கர் குழுவினர் 2002இல், விரல்களை ஒரு வரிசையில் தட்டப் பழகியவர்கள் ஓர் இரவு தூங்கி எழுந்தபின், மேற்கொண்டு பழகாமலே ஏறத்தாழ 20 சதவீதம் வேகம் கூடியதைக் கண்டார்கள். அதே அளவு நேரம் பகலில் விழித்திருந்தவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை. வாரம் ஒருமுறை கூடி, இடையில் வயலுக்கும் வேலைக்கும் போய் வரும் கிழமைக் கூத்தின் ஒழுங்கில் இந்த இடைவெளி இயல்பாகவே இருக்கிறது.

எல்லாவற்றிலும் முக்கியமாக எனக்குத் தோன்றுவது, வாயால் பாடுவது. கூத்துப் பழகுபவன் முதல்நாள் மத்தளத்தைத் தொடுவதில்லை. தாளக்கட்டை வாயால் சொல்கிறான், பிறகு காலில் வாங்குகிறான். கீபோர்ட்காரனோ விரலில் தொடங்குகிறான், விரல் பழகிய பாதையிலேயே ஓடுகிறது, காது பின்னால் வருகிறது. ஜெர்மனியில் மார்க் பாங்கெர்ட், எக்கார்ட் ஆல்டன்முல்லர் இருவரும் 2003இல், பியானோ அறியாத சிலரைப் பழக்கி மூளையின் மின்னலைகளை அளந்தார்கள். இருபது நிமிடப் பயிற்சிக்குள்ளேயே, வெறுமனே கேட்கும்போது கை அசைவுக்குரிய பகுதியும் சேர்ந்து கிளரத் தொடங்கியது. இன்னொரு குழுவுக்குக் கொடுத்த கீபோர்டில் எந்தக் கட்டைக்கு எந்தச் சுரம் என்பது மாறிக்கொண்டே இருந்தது. அவர்களிடம் அந்தப் பிணைப்பு அதேபோல உருவாகவில்லை. காதையும் கையையும் கட்டும் கயிறு, கேட்பதும் செய்வதும் மாறாமல் பொருந்தும்போதுதான் முறுகுகிறது. பாடிவிட்டு, பாடியதையே வாசிப்பவன் அந்தக் கயிற்றைத் தினமும் முறுக்குகிறான். மூச்சு முடியும் இடத்தில் நிறுத்தவும் கற்கிறான். மருமகனின் தனி பேச்சுப்போல இல்லாததற்குக் காரணம் அது மூச்சே விடாததுதான்.

இசை உடம்பில் இருக்கிறது என்பதைத் தன் முனைவர் ஆய்வாகவே செய்தவர் ஒரு தமிழர். புலம்பெயர்ந்த தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் அமெரிக்காவில் பிறந்த விஜய் ஐயர் இயற்பியலும் கணிதமும் படித்து, ஜாஸ் பியானோவுக்கு வந்து, 1998இல் பெர்க்லியில் தாளத்தையும் உடலறிவையும் பற்றி ஆய்வேடு கொடுத்தார். இன்று ஜாஸின் முன்னணிப் பெயர்களில் ஒருவர், ஹார்வர்டில் பேராசிரியர். அவருக்கு முந்திய தலைமுறையில் யாழ்ப்பாணத்தில் வயலின் கற்பித்த வி. லட்சுமிநாராயணாவின் பிள்ளைகள் 1958 கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு இந்தியா போனார்கள். அவர்களில் எல். சங்கர் ஜோன் மக்லாக்லினோடு சக்தி குழுவில் வாசித்தார். எல். சுப்பிரமணியம் ஸ்டெஃபான் கிராப்பெல்லி போன்ற ஜாஸ் கலைஞர்களோடு பதிவுகள் செய்தார். மனோதர்மம் என்று நாம் சொல்வதும் தனியும் அந்த வில்களில் சந்தித்தன.

அடுத்த கிழமைக் கூத்துக்கும் போனோம். இடைவேளையில் மருமகன் அண்ணாவியாருக்கு முன்னால் மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்து ததிங்கிணதோம் சொன்னான். மூன்று முறையும் பிசகில்லாமல் வந்தது, ஆனால் ஒரு மாத்திரை முந்தி முடிந்து நின்றது. திரும்பவும் சொன்னான். திரும்பவும் முந்தியது.

"முதலாவதச் சொல்லாத மனே," என்றார் அண்ணாவியார். "அத விடு. ஆனா விட்டது காதுக்குக் கேக்கோணும்."

அவர் மத்தளத்தைத் தொடவில்லை. சல்லரிக்காரர் மட்டும் மெல்லச் சுற்றைப் போட்டார். மருமகன் கண்ணை மூடிக்கொண்டு, முதல் மாத்திரையில் வாயைத் திறக்காமல் தொடையில் ஒரு தட்டுத் தட்டினான். பிறகு தொடங்கினான். மூன்றாவது தோம் விழுந்த அடுத்த கணம் அண்ணாவியாரின் குதிக்கால் மணலில் இறங்கியது.